முதல் பந்திக்கு மட்டும் பாயசம்

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களின் விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், எல்லாவற்றிலும் ஒரே கதைதான். பள்ளியில் சுமாராகப் படித்த ஒரு பிள்ளை, வீட்டில் காசு இல்லாமல் பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறது. அங்கே ஆனர்ஸ் புரோகிராமில் இடம் கிடைக்கிறது. இரண்டே வருடத்தில் பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறிப் போய்விடுகிறது. கீழே 'உழைத்தால் உயரலாம்' என்கிற தினுசில் ஒரு வரி. கதை பொய்யில்லை ஐயா. அந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை.

தெரியாதவர்களுக்காக: நம்மூர் சமுதாயக் கல்லூரிகள் தொழிற்பயிற்சிக்கானவை, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடத்தைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கம்யூனிட்டி காலேஜ்கள். 1960-இல் அந்த மாநிலம் போட்ட 'மாஸ்டர் பிளான்' படி, பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கு மாநிலக் கல்லூரிகளுக்கு. மற்றவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து மேலே ஏற ஒரு வழி. உள்ளூர் மாணவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் என்றால் 1,380 டாலர். அதே மாணவர் நேரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனால் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல். காமர்ஸ்காரனுக்கு இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் எத்தனை பேர் மேலே ஏறுகிறார்கள்? நாடு முழுவதும் பார்த்தால், சேரும்போது சுமார் 80 சதவிகிதம் பேர் பட்டம் வாங்கும் எண்ணத்தோடுதான் சேர்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். ஆறு வருடத்துக்குள் பட்டம் வாங்குபவர்கள் சுமார் 16 சதவிகிதம். ஏன்? வழி முழுக்க முள். எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் பாடத்தைத் தப்பாக எடுத்தால் ஒரு செமஸ்டர் போச்சு. கேட்கலாம் என்றால் கவுன்சிலரைப் பார்க்க நூற்றுக்கணக்கான பேர் வரிசை.

ஆனர்ஸ் புரோகிராம் இங்கேதான் வேலை செய்கிறது. சின்ன வகுப்பு, கட்டுரை எழுதவைக்கும் ஆசிரியர் எல்லாம் சரி. அதைவிட முக்கியம், உங்கள் பாடப் பட்டியலை எடுத்துவைத்துப் படிக்க ஒரு மனிதர் இருப்பது. அதற்கும் மேலே ஒரு சங்கதி உண்டு. யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் 50-க்கும் மேற்பட்ட கம்யூனிட்டி காலேஜ்களின் ஆனர்ஸ் புரோகிராம்களோடு 'டிரான்ஸ்ஃபர் அலையன்ஸ் புரோகிராம்' என்ற ஒப்பந்தம் வைத்திருக்கிறது. ஆனர்ஸ் முடித்துச் சான்று வாங்கினால் அங்கே கலை, அறிவியல் படிப்புகளுக்கு முன்னுரிமை. முதலில் கேட்ட பாடம் கிடைக்காவிட்டால் மாற்றுப் பாடத்துக்கும் பரிசீலிப்பார்கள். எதிர்காலமே மாறும் என்று சொல்வது இதைத்தான், மாறவும் செய்கிறது.

ஆனால் இதில் உழைப்பு எவ்வளவு, ஏற்பாடு எவ்வளவு? பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை அதே உழைப்போடு படிக்கிறவனுக்கு இந்தக் கவுன்சிலர் கிடையாது, இந்த முன்னுரிமை கிடையாது. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் ஒருத்தி, காலை பத்து மணிக்கு மட்டும் நடக்கும் ஆனர்ஸ் வகுப்புக்கு எப்படிப் போவாள்? முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குப் பாயசம் ஊற்றிவிட்டு, 'பாருங்கள், இவர்கள் எவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிறார்கள்' என்று பெருமைப்படுவது என்ன நியாயம்?

'அவர்கள் கெட்டிக்காரர்கள், எப்படியும் ஜெயித்திருப்பார்கள்' என்பார்கள். (இதைச் சொல்பவர்களே விளம்பரத்தில் ஆனர்ஸால்தான் ஜெயித்தார்கள் என்றும் சொல்வார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள்.) சரி, கெட்டிக்காரர்கள் அல்லாதவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தால்? நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் 'ஏசாப்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. இலவச பஸ், ரயில் அட்டை, பாடப்புத்தகம், கட்டணத்தில் துண்டு விழுந்தால் அதையும் அடைத்துவிடுவார்கள். ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான். மற்ற மாணவர்களுக்கு 600-க்கும் மேல் ஒருவர். பிறகு ஆய்வாளர்கள் வந்து குலுக்கல் முறையில் ஆள் எடுத்துச் சோதித்தார்கள். எடுத்தது ஏழை மாணவர்களை, அடிப்படைக் கணக்கிலோ ஆங்கிலத்திலோ பின்தங்கி நின்றவர்களை. எந்த ஆனர்ஸ் கமிட்டியும் திரும்பிப் பார்த்திருக்காத ஆட்கள். 2015-இல் முடிவு வந்தது. மூன்று வருடத்தில் இரண்டாண்டுப் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவிகிதம், வெளியே 22. நான்காண்டுக் கல்லூரிக்கு மாறியவர்கள் 25 சதவிகிதம், வெளியே 17. பிறகு ஒஹாயோவில் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தார்கள், அங்கும் பட்டம் முடித்தவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

காசு எங்கே என்று கேட்பவர்களுக்கு, இது என் சப்ஜெக்ட் என்பதால் கொஞ்சம் உற்சாகமாகவே சொல்கிறேன். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு சுமார் 60 சதவிகிதம் கூடியது உண்மை. ஆனால் மொத்தச் செலவை முடித்த பட்டங்களால் வகுத்தால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது! நூறு சட்டை வெட்டி இருபத்திரண்டை மட்டும் தைத்து விற்கிறவனைவிட, தையலுக்குக் கூடச் செலவழித்து நாற்பது விற்கிறவனுக்கு அடக்கவிலை குறைவு. காஸ்ட் அக்கவுன்டிங் முதல் யூனிட்.

ஆனர்ஸ் வகுப்பை மூடச் சொல்லவில்லை. கடினமான பாடம் வேண்டும் என்பவர்களுக்கு அது இருக்கட்டும், அதற்கு மதிப்பெண் தகுதியும் வைக்கட்டும். ஆனால் கவுன்சிலரைப் பார்ப்பதற்கு 3.0 சராசரி எதற்கு? 2.6 வைத்திருப்பவன்தானே முதலில் அந்த அறைக்குள் போக வேண்டியவன்?