தக்காணம் அசையாதா?

தக்காணம் பழமையான, கெட்டியான நிலம். நிலநடுக்கம் என்பது புவித்தட்டுகள் முட்டிக்கொள்ளும் இமயமலைப் பக்கத்துச் சமாச்சாரம். நம் பிள்ளைகளுக்கு நாலு வரையறையும் ஒரு வரைபடமும் போதும். புவியியல் வகுப்பைப் பற்றி இப்படிச் சொல்பவர்கள் நிறைய.

கெட்டி என்பது சரி. அசையாது என்று யார் சொன்னது? 1993 செப்டம்பர் 30, விடியுமுன் மகாராஷ்டிரத்தின் கில்லாரி குலுங்கியது. அளவு ஏறத்தாழ 6.2தான். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள் தூங்கியவர்கள்மேல் சரிந்ததில் பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். பக்கத்தில் தட்டின் விளிம்பு ஏதும் கிடையாது. இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவை முட்டும் அழுத்தம் உள்நிலத்துக்கும் பரவுகிறது; பழைய பிளவு ஒன்று தாங்க முடியாதபோது நழுவுகிறது. 1900இல் கோயம்புத்தூர் வட்டாரமும் ஆறு அளவை ஒட்டி அதிர்ந்திருக்கிறது. 2002இல் நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது சும்மா அல்ல.

பிளவு என்றதும் பூமி வாய் திறந்து ஆளை விழுங்கும் என்று நினைப்பது சினிமா செய்த வேலை. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நடுங்கியபோது சான் ஆண்டிரியாஸ் பிளவைக் கடந்த வேலிகள் துண்டாகி, ஒரு பாதி பல அடி தள்ளி நின்றது. இரண்டு பக்கமும் பக்கவாட்டில் நழுவியிருந்தன. அதைக் கொண்டுதான் நிலநடுக்க ஆய்வாளர் ஹாரி ரீட், பாறை பல்லாண்டு வளைந்து ஒரு நொடியில் மீள்கிறது என்று விளக்கினார்.

இதைக் காட்ட ஆய்வகம் இல்லை என்பதும் சாக்குதான். உப்புத்தாளின் மேல் ஒரு செங்கல், அதில் கட்டிய ரப்பர் பட்டை போதும். மெல்ல இழுத்தால் பட்டை நீளும், கல் நகராது, திடீரென்று துள்ளும்.

சின்ன அதிர்வுகள் அழுத்தத்தைக் கழித்துவிடும், நல்லதுதான் என்ற ஆறுதலும் கணக்கில் நிற்காது. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. ஆறு அளவு அதிர்வு ஒன்றுக்கு ஈடாக நான்கு அளவில் ஆயிரம் வேண்டும்.

எந்தத் தேதியில் வரும் என்று சொல்லத் தெரியாத அறிவியலைப் படித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் அந்தச் செங்கல்லைப் பத்துமுறை இழுக்கட்டும். ஒவ்வொரு முறையும் பட்டை வேறு நீளத்தில் இருக்கும்போது துள்ளும். அதைப் பார்த்த மாணவி, ‘இன்றிரவு இரண்டு மணிக்கு நிலநடுக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை யாருக்கும் அனுப்பமாட்டாள்.