மூச்சுக்கும் விலையா?

கல்முனைக் கரையில் தென்னையிலிருந்து வீழ்ந்து கழுத்து முறிந்த தொழிலாளி சுவாச இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடந்தால், "நஸீபு" என்று கைவிரிக்கின்றனர். நாம் மறுக்கிறோம். மூச்சுத்தசையாகிய பிரிமென்றகட்டின் நரம்பு உயிரோடிருப்பின், மின்துடிப்பால் அதனைத் தூண்டிச் சுவாசிக்கச் செய்யலாம். 1960களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து வில்லியம் கிளென் காட்டிய வழி இது. 1995இல் குதிரையிலிருந்து வீழ்ந்து உடல் செயலிழந்த நடிகர் கிறிஸ்தோபர் ரீவுக்கு, 2003இல் அத்தசையிலேயே மின்வாய்கள் பொருத்தப்பட்டன. குதிரையிலிருந்து வீழ்ந்தவருக்கு விஞ்ஞானம். தென்னையிலிருந்து வீழ்ந்தவனுக்கு விதியா? செலவு மிகுதி என்பர். கல்வியையும் மருத்துவத்தையும் இலவசமாக்கிய நாடு இது. அன்றும் இதையே சொன்னார்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். நாம் கேட்பது கருணையன்று; உரிமை!