ரயில் சாப்பாடும் நம் கடைப் பொட்டலமும்

தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் முந்தைய வாரத்தில் ஒரகடம் கூட்டுச் சாலையிலுள்ள எந்த மளிகைக் கடையில் நின்று பார்த்தாலும் இந்தக் காட்சியைக் காணலாம். முதுகில் பையோடு நான்கைந்து வடநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவல் 2 கிலோ, பொட்டுக்கடலை, வெல்லம், பன், பிஸ்கட், ஊறுகாய், வெங்காயம், பச்சை மிளகாய் என்று வாங்கிக் கட்டிக்கொண்டு தாம்பரத்துக்கோ சென்ட்ரலுக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். இது அவர்கள் ஊர்ப் பழக்கம் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பழக்கம் பாதிதான். ரயிலில் அவர்களுக்குச் சாப்பாடு சரியாகக் கிடைப்பதில்லை என்பது மீதிப் பாதி.

ரயில் சாப்பாட்டுக்கும் மளிகைக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அந்தச் சாப்பாட்டு ஏற்பாடு மாறும்போதெல்லாம் நம் வியாபாரமும் மாறியிருக்கிறது. நம் பொறுப்பும் கூடியிருக்கிறது.

ரயில்வே உணவைச் சீர்படுத்த 1954-ல் ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் அன்றைய ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன். அவர் நம் செங்கல்பட்டுத் தொகுதியின் எம்.பி. என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ரயில்வே துறை நேரடியாக உணவு வழங்குவது அதன் பிறகு வளர்ந்தது. 1999-ல் ஐ.ஆர்.சி.டி.சி. வந்தது. 2005-ல் உணவுப் பொறுப்பு அதனிடம் போனது. 2010-ல் மண்டல ரயில்வேக்களுக்குத் திரும்பியது. 2017-ல் மறுபடி ஐ.ஆர்.சி.டி.சி.க்கே வந்தது. பன்னிரண்டு ஆண்டில் மூன்று கொள்கைகள்!

இந்த மாற்றங்களின் சூட்டை நாம் நேராகவே அனுபவித்தோம். சென்னையிலிருந்து புறப்படும் வண்டிகளில் சமையல் ஒப்பந்தம் எடுத்திருந்த ஒருவருக்கு நம் மண்டியிலிருந்து அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய் போட்டு வந்தோம். வாரம் ஒரு லோடு, 30 நாள் தவணை. கொள்கை மாறியது, ஒப்பந்தமும் கைமாறியது. நின்றுபோன பாக்கியை வாங்க இரண்டு வருஷம் நடந்தோம். அதில் கால் பங்கு இன்றுவரை வரவில்லை. அரசாங்கக் காகிதத்தில் ஒரு வரி மாறினால் நம் கடன் புத்தகத்தில் ஒரு பக்கம் அழியும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

2017 கொள்கையின் முக்கிய அம்சம், சமைப்பதையும் பரிமாறுவதையும் தனித்தனியாகப் பிரித்தது. முன்பு ஓடும் வண்டியிலேயே பேன்ட்ரி கார் என்னும் சமையல் பெட்டியில் சோறு வடித்தார்கள். இப்போது ஊருக்கு ஊர் அமைத்த பெரிய சமையற்கூடங்களில் சமைத்து, வழியில் வண்டியில் ஏற்றுகிறார்கள். பல வண்டிகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்து டெண்டர் விடும் முறையும் வந்துவிட்டது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரயில் உணவின் சுத்தத்தைப் பற்றி 2017-ல் மத்திய தணிக்கைத் துறை கொடுத்த அறிக்கை கடுமையானது. 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் இறந்ததை யாரும் மறக்க முடியாது. ஓடும் வண்டியில் நெருப்பு குறைவது நல்லதே. ஆனால் கூடம் பெரிதானால் கொள்முதலும் பெரிதாகும். நாலு மூட்டை, பத்து டின் என்று போட்டுவந்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வாசல் மெல்ல மெல்லச் சாத்தப்படுகிறது.

பயணிக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வண்டியில் 50 ரூபாயாக இருந்த சைவச் சாப்பாடு 2019-ல் 80 ரூபாயானது. கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்ற சமைத்த உணவு, 2022 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. இதற்கிடையே 2014-ல் தொடங்கிய இ-கேட்டரிங் வளர்ந்துவிட்டது. சொமேட்டோ 2023-லும் ஸ்விக்கி 2024-லும் அதில் சேர்ந்துகொண்டன. விஜயவாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் புவனேஸ்வரத்திலும் பிரியாணி இருக்கைக்கே வருகிறது.

யாருக்கு வருகிறது? டிக்கெட்டில் பி.என்.ஆர். எண் உள்ளவருக்கு வருகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவரின் டிக்கெட்டில் அந்த எண்ணே கிடையாது. பண்டிகை நாளில் அந்தப் பெட்டிக்குள் சாப்பாடு விற்பவரும் நுழைய முடியாது. பயணி இறங்கி வாங்கப் போனால் பிடித்த இடம் போய்விடும். இந்தக் குறையை உணர்ந்து 2023-ல் ரயில்வே ஒரு நல்ல காரியம் செய்தது. முன்பதிவில்லாப் பெட்டி நிற்கும் இடத்துக்கு எதிரே கவுண்டர் வைத்து 20 ரூபாய்க்குப் பூரி கிழங்கு, 50 ரூபாய்க்குச் சற்றுப் பெரிய சாப்பாடு என்று தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் அது எல்லா ஸ்டேஷனிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் வண்டி சில நிமிடங்களே நிற்கிறது.

ஆகவே இரண்டு நாள் பயணம் போகிற அந்தத் தொழிலாளிக்கு உண்மையான பேன்ட்ரி கார் எது? நம் கடைதான். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் செய்கிற கைகள், ஊர் போய்ச் சேரும்வரை நாம் கட்டிக்கொடுத்ததைத்தான் சாப்பிடுகின்றன.

அந்தப் பொறுப்புக்கு நாம் தகுதியாக நடக்கிறோமா? சங்கடமான ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் சரக்கு எடுக்கும் கடை ஒன்றில், ஆறு வருஷமாக வாடிக்கையாக இருந்த ஒடிசாப் பையன் ஊரிலிருந்து திரும்பி வந்து சொன்னானாம்: "அண்ணாச்சி, நீங்க கொடுத்த பன்னை விஜயவாடா தாண்டிப் பிரிச்சேன். பூசணம். அப்புறம் ராத்திரி முழுக்கத் தண்ணிதான்." அவன் சண்டை போடவில்லை, பணமும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டான். அவன் அறையில் இருந்த மற்றப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஊருக்குப் போகிறவன் திரும்பி வந்து கேட்கவா போகிறான் என்று தேதி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிடும் வழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. இதை நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

எனவே நமது வணிகர்கள் முன் சில யோசனைகளை வைக்கிறோம். முதலாவதாக, பயணத்துக்கு வாங்குபவருக்கு இருப்பதிலேயே புதிய சரக்கைக் கொடுங்கள். தேதியைக் காட்டியே கொடுங்கள். இரண்டாவதாக, அவர்கள் சூடா என்று கேட்பது நம் அவல்தான். சத்து என்று கேட்பது வறுத்த கடலை மாவு. கெடாத பொருள் இவையே. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே இவற்றை இருப்பு வையுங்கள். வாங்குபவர் எதிரிலேயே நிறுத்துக் கட்டுங்கள். முன்கூட்டியே பொட்டலம் போட்டு வைப்பதானால் பெயர், முகவரி, எடை, விலை, தேதி அனைத்தும் அச்சிட வேண்டும். 2011 பொட்டலப் பொருள் விதி நம்மையும் சேர்த்துத்தான்.

மூன்றாவதாக, விலை. பக்கத்துப் பாலூர் ஆலையில் தயாராகும் ரயில் நீர் கூட, 2025 செப்டம்பரில் வரி குறைந்ததும் லிட்டர் 15-லிருந்து 14 ரூபாயாக இறங்கியது. பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்று ரயில்வே 2018-லேயே பயணிக்குச் சொல்லிவிட்டது. நாம் பண்டிகைக் கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றினால் அந்த ரயில் விற்பனையாளரைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. பண்டிகைச் சிறப்பு வண்டிகள் புறப்படும் ஸ்டேஷன்களில் 20 ரூபாய்ச் சாப்பாட்டுக் கவுண்டரைக் கட்டாயமாக்கும்படி தெற்கு ரயில்வேயிடம் மனுக் கொடுக்க வேண்டும். சமையற்கூடங்களின் கொள்முதலில் ஒரு பகுதியைச் சிறு வணிகர்களிடம் சிறு அளவில் எடுக்கவும், 30 நாளில் பணம் தரவும் டெண்டரிலேயே நிபந்தனை வைக்கக் கேட்க வேண்டும். அதுவரை எழுத்து மூலமான ஆர்டரும் முன்பணமும் இல்லாமல் எந்த ஒப்பந்தக்காரருக்கும் லோடு ஏற்றாதீர்கள், பட்டவர்கள் சொல்கிறோம்.

கொள்கைகள் டெல்லியில் மாறட்டும். இங்கே வாங்கிய அவல் பொட்டலம் மறுநாள் இரவு கோதாவரிப் பாலத்தின் மேல் பிரிக்கப்படும்போது நல்ல வாசனையோடு இருக்கிறதா என்பது நம் கையில்தான் இருக்கிறது.