மூன்றாம் அத்தியாயம் என்ன ஆயிற்று?

ஏற்காட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் வழியில் இருக்கிறது கொட்டச்சேடு. மார்கழிக் குளிரில் அங்கே காப்பிச் செடிகள் செக்கச் சிவந்து நிற்கும். இடுப்பிலே பை கட்டிய பெண்கள் பகலெல்லாம் பழம் பறித்து, மாலையில் எடை போடும் இடத்தில் வரிசையாக நிற்பர். அந்த வரிசையில் வாழ்நாளெல்லாம் நின்ற ஒரு மூதாட்டியின் பேரன் புதினம் ஒன்று எழுதத் தொடங்கினான். நம் தோழன், கூரிய பேனா. இரண்டு அத்தியாயங்களை எனக்குப் படித்துக் காட்டினான். மூன்றாவதில் பாட்டியைத் தராசின் முன் கொண்டுவந்து நிறுத்தினான். நிறுத்தியவன் நிறுத்தியவனே! ஆண்டுகள் நான்கு உருண்டன. புதினம் ஓரடி நகரவில்லை.

அவன் எழுதாமலா இருக்கிறான்? நாள் தவறாமல் எழுதுகிறான். காலையில் அமைச்சர் ஒருவர் உளறினால் மாலைக்குள் மறுப்பு! மடாதிபதி வாய் திறந்தால் விடிவதற்குள் சவுக்கடி! படித்தோர் பாராட்டுகின்றனர், பகிர்கின்றனர், “இன்னும் தருக” என்கின்றனர். “புதினம் எங்கே தம்பி?” என்று கேட்டேன். “நாடு பற்றி எரிகிறதே அண்ணே, கதை எழுதிக்கொண்டு இருக்கவா சொல்கிறீர்கள்?” என்றான்.

வீரம் செறிந்த விடைதான். கேட்டவுடன் என் வாய் அடைத்துப்போயிற்று. மலையிறங்கும் வரையில் எண்ணிப் பார்த்தேன். எண்ண எண்ண, அது வீரமல்ல, வீரத்தின் சட்டை அணிந்த சோம்பல் என்று தெளிந்தேன். நாள்தோறும் எழுதுகிறவனைச் சோம்பேறி என்பதா என்று சீறாதீர்கள். எளிய வேலையை ஓயாமல் செய்து, கடிய வேலையைத் தள்ளிப்போடுவதும் சோம்பலே அன்றோ? கட்டுரைக்குக் கைதட்டல் அன்றைக்கே கிடைக்கும். புதினத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஒரு கையும் தட்டாது.

இதைச் சொன்னதும், “பார்த்தீரா! ஏட்டுக்கு எழுதுகிறவன் கலைஞனாக முடியாது என்று நாங்கள் அன்றே சொன்னோமே!” என்று துள்ளி வருவார்கள் தூய கலை பேசும் பண்டிதர்கள். அவர்கள் பக்கம் நான் சாயவில்லை. அண்ணா 1942இல் ‘திராவிட நாடு’ கிழமை ஏட்டைத் தொடங்கினார். தலையங்கம் அவர், அரசியல் அவர், மேடை அவர். அந்த நெருக்கடிக்கு நடுவிலேதான் ‘பார்வதி பி.ஏ.’யும் ‘ரங்கோன் ராதா’வும் பிறந்தன. அவசரத்தின் தடம் சில பக்கங்களில் தெரியும், மறுக்கவில்லை. ஆயினும் தெருவிலே கண்ட கொடுமை சுடச்சுட வந்து விழுந்திருப்பதும் அந்த அவசரத்தால்தான். கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்திலே நாம் வடக்கு, அவர் தெற்கு. ஆனால் வார ஏடு நடத்திக்கொண்டே 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை வாரந்தோறும் எழுதி முடித்த உழைப்பை யார் குறை கூற முடியும்?

இவர்கள் இருவரையும்விட நம் தோழனுக்குப் பாடமாகக்கூடியவர் உருசியாவின் தாஸ்தாயெவ்ஸ்கி. மதப்பற்றாளர், சார் மன்னரின் அன்பர், நமக்கு ஆகாதவர்தான். 1876இலும் 1877இலும் ‘எழுத்தாளன் நாட்குறிப்பு’ என்று மாத ஏடு ஒன்றைத் தனியொருவராக நடத்தினார். நீதிமன்ற வழக்கு, போர், தற்கொலை, குழந்தைகள் படும் வதை என்று அன்றாடம் கண்டதையெல்லாம் அதில் எழுதினார். புகழ் பெருகிற்று. அந்த வேளையில், 1877ஆம் ஆண்டின் முடிவில், படிப்போரிடம் சொல்லிவிட்டு ஏட்டை நிறுத்தினார். எதற்காக? நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்த புதினத்துக்காக. 1879இலும் 1880இலும் ‘கரமசோவ் சகோதரர்கள்’ தொடராக வெளிவந்தது. 1881 தொடக்கத்தில் ஆள் மறைந்தார். ஏட்டை நிறுத்தாமல் இருந்திருந்தால்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெற்ற மகளைப் பிரம்பால் அடித்த தந்தையின் வழக்கை 1876இல் நாட்குறிப்பில் எழுதியிருந்தார். அதே செய்தி அந்தப் புதினத்தில் இவான் வாயிலிருந்து மீண்டும் வருகிறது. ஆனால் அங்கே அது வழக்குச் செய்தியாக நிற்கவில்லை. ஆண்டவனையே கூண்டில் ஏற்றும் கேள்வியாகிவிடுகிறது! அதைவிடக் கூரிய கேள்வியை நம் மறுப்புக் கட்டுரைகளில் நான் கண்டது அரிது. எழுதியவரோ ஆத்திகர், என்னே விந்தை!

கொட்டச்சேட்டுக்காரனுக்கு இதை விளக்க உருசியா வரை போயிருக்கவே வேண்டாம். காப்பிச் செடி வெட்டவெளியில் செழிக்காது, நிழல் வேண்டும். அதற்காகத் தோட்டம் முழுதும் சில்வர் ஓக் நிற்கிறது. அதன்மேல் மிளகு படர்ந்து தனி வருவாயும் தருகிறது. அந்த நிழலைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? செடி இலையாகத் தழைக்கும், பழம் குறைந்துபோகும். ஆகவே மழைக்கு முன் ஆளை ஏற்றிக் கிளையைக் கழிக்கிறார்கள். மரத்தை யாரும் வேரோடு சாய்ப்பதில்லை. நட்ட செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் பொறுக்கிறார்கள். பூத்த பிறகும் எட்டொன்பது மாதம் காத்திருக்கிறார்கள். இதையெல்லாம் கண்ணால் கண்டு வளர்ந்தவன், ஒரே இரவில் பாராட்டு விளையும் பயிரை மட்டும் நம்புவானேன்?

“நாடு எரிகிறதே!” என்கிறான். எரியத்தான் செய்கிறது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பிரிவுகளை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அதற்கு முன்பு தோட்டத்து லயங்களில் மனிதர் பட்ட பாட்டை நம் குருதியில் ஏற்றியது, ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய மருத்துவர் பி.எச். டேனியல் 1969இல் வெளியிட்ட ஆங்கில நாவல். தமிழில் ‘எரியும் பனிக்காடு’. அந்தத் தீ இன்னும் சுடுகிறது. நேற்றைய அமைச்சருக்கு எழுதிய மறுப்போ, அமைச்சரின் உளறலோடு சேர்ந்து மறைந்தது.

நெஞ்சைக் குத்துகிற செய்தி வேறு ஒன்று. மகாபாரதத்தை மீண்டும் சொல்வதற்காக ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் அத்தியாயம் வெளியிட்டு 26 நூல்கள் முடித்தார். அதே ஆண்டுகளில் கட்டுரைகளும் குறையாமல் எழுதினார். அவரோடு நமக்குள்ள பிணக்கு ஊரறிந்தது. ஆனால் அத்தினாபுரத்து அரசர்களுக்கு ஏழாண்டு நாற்காலி போட்டு உட்கார ஒருவரால் முடிந்தது. கொட்டச்சேட்டுக் கூலிக்காரிக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க நம்மால் முடியவில்லை! பிறகு, “இலக்கியம் முழுதும் அரண்மனைக் கதை” என்று கூட்டம் போட்டு முழங்குகிறோம்.

பழியில் பங்கு நம் ஏடுகளுக்கும் உண்டு. இந்த ஏட்டையும் சேர்த்தே சொல்கிறேன். சுறுசுறுப்பான இளைஞன் அகப்பட்டால், கிழமைக்கு ஒன்று கொடு, இரண்டு கொடு என்று கறந்துவிடுகிறோம். தோழனே, இனி யாம் கேட்டாலும் இல்லை என்று சொல். கிழமைக்கு ஒரு கட்டுரை போதும். விடியற்காலை உன் பாட்டிக்கு, அந்தி அமைச்சருக்கு. அமைச்சர் ஒரு நாள் விடையின்றிக் கிடந்தால் குடி முழுகிவிடாது. உன் பாட்டியோ நான்கு ஆண்டுகளாக, பழப்பையை இறக்கி வைக்கவும் வழியின்றி, அந்தத் தராசின் முன் நிற்கிறாள்.