மார்ஃபினைப் பூட்டிவைத்த சட்டம்
மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் வயல்களில் அபினிக் காய்களைக் கீறி, கசிந்து உறைந்த பாலை மறுநாள் காலையில் சுரண்டி எடுப்பார்கள். அத்தனையும் அரசுக்கே போகும், அதில் ஒரு பகுதி ஏற்றுமதியும் ஆகும்.

அபினி விளையும் அதே நாட்டில்தான் புற்றுநோயாளிகள், அபினியிலிருந்து எடுக்கும் வலிநிவாரணியான மார்ஃபின் மாத்திரை கிடைக்காமல் துடித்தார்கள். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் குறிவைத்தது கடத்தல்காரர்களை. அடி விழுந்தது நோயாளிகள்மீது. பல மாநிலங்களில் மருத்துவமனைகளுக்கு நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று காலாவதியானாலும் மருந்து வராது. சிறைக்கு அஞ்சிய மருந்துக்கடைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 1985இல் சுமார் 600 கிலோவாக இருந்த நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 1997இல் வெறும் 18 கிலோ. கொடுமை இது.

கேரளத்தில் வலித்தணிப்பு மருத்துவரான டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றோர் போராடி விதிகளைத் தளர்த்தவைத்தார்கள். கோழிக்கோட்டில் நோயாளிகள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். அது கள்ளச்சந்தைக்குப் போகவில்லை என்று 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஒரே அனுமதி போதும் என்றாக்கியது. ஆனாலும் மார்ஃபின் எழுதத் தயங்கும் மருத்துவர்கள் இன்றும் உண்டு. எத்தனை கிலோ கஞ்சா பிடிபட்டது என்று அறிவிக்கும் அரசுகள், எந்தெந்த மாவட்ட மருத்துவமனையில் மார்ஃபின் இருப்பு உள்ளது என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.