கொல்லிமலையில் குதிரையை எங்கே விடுவது? லாயம் தேடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கொல்லிமலைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழசு. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவருடைய குதிரையின் பெயரும் ஓரிதான் என்கிறது சிறுபாணாற்றுப்படை. ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதம் இங்கே அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அதே ஆடியில், பக்கத்து ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழாவும் அதையொட்டிய குதிரைச் சந்தையும் களைகட்டும். மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை என எல்லாம் வரும்.

சந்தையில் குதிரை வாங்குவது ஒரு நாள் வேலை. வாங்கின குதிரையை அடுத்த 20 வருஷம் எங்கே வைப்பது? வார இறுதியில் மட்டும் மலைக்கு வரும் நகரத்துக்காரர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி.

போர்டிங் என்றால் என்ன?

நம் குதிரையை இன்னொருவர் லாயத்தில் மாதக் கட்டணத்துக்கு விடுவதுதான் போர்டிங். தீவனம், தண்ணீர், சுத்தம், நடைப்பயிற்சி எல்லாம் அவர் பொறுப்பு. சென்னை, கோவை, பெங்களூரு போன்ற நகரங்களில் குதிரையேற்றப் பயிற்சி மையங்கள் இந்தச் சேவையைத் தருகின்றன. மலைப் பகுதிகளில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தோட்டத்துக் கொட்டகை அல்லது ஒரு தங்கும் விடுதியின் காலி இடம். அது குதிரை லாயம் ஆகிவிடாது.

இடம் இருந்தால் போதாதா?

போதாது. முதலில் பார்க்க வேண்டியது டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைத்தான்.

காரணம், ‘கோலிக்’ எனப்படும் வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கல் வந்தால் உள்ளேயே அடைபடும். காலால் தரையைக் கீறுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, உருண்டு புரள்வது இதன் அறிகுறிகள். சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

நாமக்கல்லில் 1985-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருப்பது இந்தப் பகுதிக்கு நல்ல விஷயம். ஆனால், காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலை இருந்தாலும், வலியில் துடிக்கும் குதிரையோடு மலை இறங்குவது சாதாரண விஷயமில்லை. 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள்படி குதிரை ஏற்றிய வாகனம் மணிக்கு 35 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. பயணத்துக்கு டாக்டரின் உடல்தகுதிச் சான்றும் வேண்டும்.

அதனால் நிரந்தர லாயத்தை நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் அடிவாரத்தில் தேடுவதுதான் புத்திசாலித்தனம். மலைக்கு வேண்டுமானால் குதிரையை ஓரிரு நாள் கூட்டிப் போகலாம்.

நேரில் போனால் எதைப் பார்க்கணும்?

* கொட்டில்: ஒரு குதிரைக்கு சுமார் 12 அடிக்கு 12 அடி. தரை வழுக்கக் கூடாது, ஈரம் தேங்கக் கூடாது. மழையும் பனிமூட்டமும் அதிகமான மலையில் ஈரத் தரை என்றால் குளம்பு அழுகல் நிச்சயம்.
* தீவனம்: உடல் எடையில் சுமார் 2 சதவீதம் உலர் தீவனம். 300 கிலோ குதிரைக்கு தினமும் 6 கிலோ. முக்கியமானது நல்ல புல். வெறும் கொள்ளு போட்டு வளர்க்க முடியாது.
* தண்ணீர்: தினமும் 20 முதல் 40 லிட்டர். கோடையிலும் வற்றாத ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.
* மரவள்ளி: கொல்லிமலையிலும் அடிவாரத்திலும் எங்கு பார்த்தாலும் இந்தப் பயிர்தான். இதன் இலையிலும் தோலிலும் சயனைடு நச்சு உருவாகும். குதிரை எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.
* குளம்பு: 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். லாடம் கட்டத் தெரிந்தவர் யார், எங்கிருந்து வருவார்?
* மேய்ச்சல்: காப்புக் காட்டில் அவிழ்த்துவிட முடியாது. வனத்துறை அனுமதி தேவை.

லாடம் கட்டும் ஆள் கிடைப்பது ஏன் கஷ்டம்? குதிரைகளே குறைந்துவிட்டன. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க சுமார் 6.3 லட்சமாக இருந்த குதிரைகள், 2019-ல் சுமார் 3.4 லட்சம். குதிரை குறையக் குறைய, அதை நம்பியிருந்த கைத்தொழிலும் குறைகிறது.

எழுத்தில் என்ன இருக்கணும்?

வாய்ப்பேச்சு வேண்டாம். மாதக் கட்டணத்தில் என்னென்ன அடங்கும், மருத்துவச் செலவு யாருடையது, உரிமையாளர் போனை எடுக்காவிட்டால் சிகிச்சை முடிவை யார் எடுப்பது, குதிரையைச் சுற்றுலாப் பயணிகள் சவாரிக்கு விடலாமா, கூடாதா? நான்கும் எழுத்தில் இருக்கட்டும். கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்க மறப்பார்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ லாயச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பராமரிக்க முடியாமல் போனால்?

ஊட்டி, கொடைக்கானல் சாலைகளில் சுற்றும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். சவாரி இல்லாத நேரத்தில் அவிழ்த்துவிடப்படுபவை பல. குப்பையில் பிளாஸ்டிக்கைத் தின்கின்றன, வாகனங்களில் அடிபடுகின்றன. தகுந்த காரணமின்றி விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால், முதல்முறை குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 50 ரூபாய்!

ஒரு நாள் தீவனச் செலவைவிட அபராதம் குறைவு. சட்டத்தின் பயத்தால் யாரும் குதிரையைப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் வரும் ஆடியில் அந்தியூர் போகும் எண்ணம் இருந்தால், முதலில் லாயம், அடுத்து டாக்டர், பிறகுதான் குதிரை. இந்த வரிசை மாறினால், விலை கொடுப்பது குதிரைதான்.