கங்காணியை மாத்தினா கொழுந்து கூடுமா?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம், வெளியில் பனி அதிகம். மச்சினன் போனில் கேட்ட ஒரு கேள்விதான் மறுபடி எழுத உட்கார வச்சிருக்கு. "கோச்சை மாத்தினா எல்லாம் சரியாயிடும்ல, மாமா?"

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். தங்கமணிக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. ரெண்டு பேரும் கேரளாவில் பிறந்த தமிழாளுங்க. கொச்சியில் படிச்சப்போ என்னைப் பாண்டின்னாங்க. சென்னையில் வேலை பார்த்தப்போ மலையாளின்னாங்க. கனடா வந்து மிசிசாகாவில் பொட்டி தட்ட ஆரம்பிச்ச பிறகுதான் வெறும் இந்தியன் ஆனேன். இந்தக் குழப்பத்துக்கு நடுவில் ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவா இருக்கிறது ஒரே ஒரு நிறம்தான்: மஞ்சள். கேரளா பிளாஸ்டர்ஸ்.

ஊரில் ராத்திரி ஏழரை மணி மேட்ச் இங்கே குளிர்காலத்தில் காலை ஒன்பது மணி. 2024 டிசம்பர் 14, சனிக்கிழமை. இட்லித் தட்டோடு டிவி முன்னாடி நானும் பிள்ளைகளும். கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிரா 2-1ன்னு முன்னிலையில் இருந்தோம். கடைசியில், கூடுதல் நேரக் கோலில் 3-2ன்னு தோத்தோம். சட்னி கசந்துடுச்சு. திங்கட்கிழமை மிக்கேல் ஸ்டாரேயை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 12 மேட்சில் 3 வெற்றி, 2 டிரா, 7 தோல்வி.

அன்னைக்கு எங்க குடும்ப வாட்ஸ்அப்பில் தீபாவளி. மச்சினன் வெடி வெடிச்சான். தோஹாவில் இருக்கிற சித்தப்பா பையன் "ஒழிஞ்சான்" என்றான். மூணாறில் இருந்து அண்ணன் ஒரு பெரிய கும்பிடு போட்டார். நானும் சேர்ந்துதான் கும்மியடிச்சேன். பொய் சொல்ல மாட்டேன்.

ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

2014ல் கிளப் ஆரம்பிச்சப்போ டேவிட் ஜேம்ஸ். 2015ல் பீட்டர் டெய்லர், பாதியில் டெர்ரி ஃபீலன். 2016ல் ஸ்டீவ் காப்பெல். அடுத்த வருசம் ரெனே மியூலன்ஸ்டீன். 2018 ஜனவரியில் மறுபடியும் ஜேம்ஸ். 2019 ஜனவரியில் நெலோ விங்காடா. அப்புறம் எல்கோ ஷட்டோரி, கிபு விகுனா, இவான் வுகோமனோவிச், ஸ்டாரே. 2025 மார்ச்சில் டேவிட் கட்டாலா. இடைக்கால ஆட்களை விட்டுட்டு எண்ணினாலே பதினோரு வருசத்தில் 12 நியமனம். இந்த வரிசையில் ரெண்டு முழு சீசனைத் தாண்டினவர் இவான் ஒருத்தர்தான்.

அவர் இருந்த மூணு சீசன் என்னாச்சு? 2022ல் ஃபைனல். கோவாவில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோத்தோம். அடுத்த ரெண்டு வருசமும் பிளேஆஃப். அதுக்கு முன்னாடி நாலு சீசன் பிளேஆஃப் பக்கமே தலைகாட்டலை. 6, 9, 7, 10ன்னு பஸ் நம்பர் மாதிரி இருந்தது நம்ம இடம். கோப்பை வரலைதான். ஆனா, ஒரு ஆளை நிக்க விட்டால் டீம் எப்படி இருக்கும்னு நாம பார்த்தது அப்போ மட்டும்தான்.

இப்போ எங்க ஊர்க் கதைக்கு வர்றேன். தேயிலைக் காட்டில் நாலஞ்சு வருசத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவாங்க. வெட்டின செடி மொட்டையா நிக்கும். சில மாசத்துக்குக் கொழுந்தே கிடைக்காது. எங்க அப்பா வேலை பார்த்த எஸ்டேட்டில் ஒரு வருசம் கொழுந்து குறைஞ்சதுன்னு கங்காணியை வேற காட்டுக்கு மாத்தினாங்க. புதுசா வந்தவரையும் ஆறு மாசத்தில் மாத்தினாங்க. எந்தக் காட்டை எப்போ கவாத்து வெட்டணும், எத்தனை ஆள் போடணும், உரம் எப்போ வரும்னு எல்லாம் முடிவு பண்ணினது பங்களாவில் இருந்த துரை. அவர் அப்படியே இருந்தார். அப்பா லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கு. "கங்காணியை மாத்தினா கொழுந்து கூடுமாடா? திட்டுறதுக்கு ஒரு புது மூஞ்சி கிடைக்கும், அவ்வளவுதான்."

கால்பந்தில் கோச்தான் கங்காணி. பங்களாவில் இருக்கிறவங்க முதலாளி, சி.இ.ஓ., ஸ்போர்ட்டிங் டைரக்டர். யாரை வாங்கணும், யாரை விக்கணும், எவ்வளவு செலவு பண்ணணும்னு முடிவு பண்றது அந்த ரூம்.

உதாரணம் வேணுமா? 2023-24 சீசனில் 13 கோல் அடிச்சு ஐ.எஸ்.எல். கோல்டன் பூட் வாங்கினவர் நம்ம திமித்ரியோஸ் தியாமந்தாகோஸ். அடுத்த சீசன் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் நிக்கிறார். நடுக்களத்தில் நாம வளர்த்த ஜீக்சன் சிங்கும் அதே கோடையில் அதே கிளப்புக்குப் போனார். அதுக்கு முந்தின வருசம் கண்ணூர்ப் பையன் சகல் அப்துல் சமது மோகன் பகானுக்குப் போனார். இந்த ஓட்டையை எல்லாம் ஸ்டாரேயா போட்டார்? அவர் வந்து இறங்கினதே 2024 கோடையில். நியாயமா ஒண்ணு சொல்லணும். திமிக்குப் பதிலா வந்த ஹெசூஸ் ஹிமெனெஸ் நல்லாவே கோல் அடிச்சார். ஸ்டாரேயும் உத்தமர் இல்லை, தடுப்பாட்டத்தில் விழுந்த ஓட்டைகளுக்கு அவரும் பதில் சொல்லியாகணும். ஆனா வேலையை விட்டுப் போனது அவரும் அவரோட உதவியாளர்களும் மட்டும்தான்.

2020 மார்ச்சில் கரோலிஸ் ஸ்கின்கிஸ் ஸ்போர்ட்டிங் டைரக்டராக வந்தார். அதிலிருந்து 2025 மார்ச் வரை நாலு ஹெட் கோச் நியமனம்: விகுனா, இவான், ஸ்டாரே, கட்டாலா. இவானைக் கண்டுபிடிச்ச பெருமை அந்த ரூமுக்கு உண்டுன்னா மத்த கணக்கும் அந்த ரூமுக்குத்தான். தனி மனுசன் மேல எனக்குக் கோபம் இல்லை. தோத்ததுக்குக் கோச் பதில் சொல்லணும்னா, அந்தக் கோச்சைத் தேர்ந்தெடுத்ததுக்கு யார் பதில் சொல்றது? அவ்வளவுதான் என் கேள்வி.

மச்சினன் இதுக்கு ஒரு நல்ல பதில் வச்சிருக்கான். "மாமா, ஸ்டாரே போன பிறகு டீம் தேறுச்சே?" உண்மைதான். புருஷோத்தமனும் தாமஸ் சோர்ஸும் இடைக்காலமாப் பார்த்துக்கிட்டாங்க. முதல் 12 மேட்சில் 11 பாயிண்ட், அடுத்த 12 மேட்சில் 18 பாயிண்ட். சென்னையின் கதை இன்னும் பெருசு. 2019 டிசம்பரில் ஜான் கிரிகரி இடத்துக்கு ஓவன் காயில் வந்தார். அட்டவணையின் அடியில் கிடந்த டீமை ஃபைனல் வரைக்கும் கொண்டு போனார். ஆக, சில சமயம் கோச்சை மாத்தித்தான் ஆகணும், மறுக்கலை.

ஆனா முழுக் கதையையும் பாருங்க. அந்த 18 பாயிண்டுக்குப் பிறகும் நாம முடிச்சது எட்டாவது இடம். காயில் அடுத்த சீசனே சென்னையில் இல்லை. அதுக்கப்புறம் சாபா லாஸ்லோ, பாண்டோவிச், இடையில் நம்ம சபீர் பாஷா, பிறகு பிரடாரிச், 2023ல் மறுபடியும் காயில். சுத்திச் சுத்திச் சுப்பன் கொல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கும். தண்ணித் தொட்டியைக் கழுவலைன்னா அடுத்த மாசமும் காய்ச்சல் வரும்.

"வெளிநாட்டுக்காரன் வேண்டாம், நம்மாளைப் போடு"ன்னு ஒரு கட்சி. "நம்மாளுக்கு என்ன தெரியும்"னு இன்னொரு கட்சி. ரெண்டும் பாஸ்போர்ட் பார்க்கிற கட்சிதான். காலித் ஜமீல் 2016-17ல் ஐஸாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினவர். 2025 ஆகஸ்டில் இந்திய டீமுக்கே கோச் ஆனார். ரெண்டே மாசத்தில், அக்டோபரில், கோவாவில் சிங்கப்பூரிடம் தோத்து 2027 ஆசியக் கோப்பை வாய்ப்புப் போனது. உடனே "மறுபடி வெளிநாட்டு ஆளைக் கொண்டு வா"ன்னு கூச்சல். அதே 2025ல்தான் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வச்சாங்க. உரிம ஒப்பந்தத் தகராறு. 2026 பிப்ரவரியில்தான் லீக் ஆரம்பிச்சது. பந்தே உருளாத மாசங்களில் எந்தக் கோச் என்ன கிழிக்க முடியும்?

மேல்ரூம் சரியில்லைன்னா ஜெயிச்ச டீம்கூட மிஞ்சாது. அதுக்குக் கொச்சி வரைக்கும் போக வேண்டாம். கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. 2019 மார்ச் 9ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1ன்னு அடிச்சு ஐ-லீக் சாம்பியன் ஆச்சு. கோச் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெத்ரோ மான்ஸி கோலா அடிச்சுத் தள்ளின சீசன் அது. மாமனார் அந்த வெற்றியைப் பத்தி இன்னும் பேசுவார். அந்த வருசமே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கிச்சு. ஆகா, நம்ம கொங்குச் சீமையில் ஐரோப்பாவான்னு வாயைப் பிளந்தோம். 2020ல் கோச் போனார், ஆட்டக்காரர்கள் போனாங்க. 2021-22 ஐ-லீகில் டீமே இல்லை. சாம்பியன் ஆகி மூணு வருசத்தில் அட்ரஸ் இல்லாமல் போச்சு.

இதெல்லாம் எனக்கு ஏன் வலிக்குது?

மூணாறில் ஃபின்லே ஷீல்டுன்னு ஒரு கால்பந்துப் போட்டி உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஆரம்பிச்சது. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும். பழைய மூணாறு கிரவுண்டைச் சுத்தி மலைச்சரிவெல்லாம் தலை தெரியும். எங்க அப்பா எங்க எஸ்டேட்டுக்கு பேக் ஆடினவர். இப்போ அண்ணன் மகன் ஆடுறான். பதினாறு வயசு, இடது பக்க விங். ஓடினான்னா மாட்டுப்பட்டிக் காத்து மாதிரி இருக்கும்.

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு கிளப்பின் டிரயல்ஸுக்கு அவனைக் கூட்டிட்டுப் போனார் அண்ணன். எந்தக் கிளப்னு சொல்லப் போறதில்லை. விடியக்காலை இருட்டில் ஜீப், அப்புறம் பஸ். அண்ணனுக்கு ரெண்டு நாள் சம்பளம் போச்சு. அங்கே இருந்த கோச் ஒருத்தர் பையன் தோளில் கைபோட்டு, "ரெண்டு மாசத்தில் கூப்பிடுறேன்"னு சொல்லி நம்பர் வாங்கிக்கிட்டார். ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள அவரை மாத்திட்டாங்க. புதுசா வந்தவங்ககிட்ட அண்ணன் போன் பண்ணிக் கேட்டார். "அப்படி ஒரு லிஸ்டே எங்ககிட்ட இல்லையே"ன்னு பதில். அந்தப் பையன் பேர் ஒரு நோட்டில் இருந்திருக்கு, நோட்டு கோச்சோட போயிடுச்சு. கிளப்பில் இல்லை.

நாம இங்கே சோபாவில் உட்கார்ந்து "கோச்சைத் தூக்கு"ன்னு கத்தும்போது அங்கே தூக்கப்படுறது இந்த நோட்டும்தான். கோச் வருவார், போவார். அது அவர் தொழில், சம்பளப் பாக்கியை வாங்கிட்டு அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறுவார். பையனுக்குப் பதினாறு வயசு ஒருமுறைதான் வரும்.

அதனால மக்களே, இனிமே "அடுத்த கோச் யாரு"ன்னு என்னைக் கேட்காதீங்க. கிளப்பைப் பார்த்து மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, எந்த மாதிரி ஆட்டம் ஆடப் போறோம், அதை முடிவு பண்ணினது யாரு? ரெண்டு, இந்தக் கோச்சுக்கு எத்தனை காலம் தரப் போறீங்க, சரிப்படலைன்னா தேர்ந்தெடுத்தவர் என்ன பதில் சொல்வார்? மூணு, கோச் போனாலும் பையன்கள் கணக்கு யார்கிட்ட இருக்கும்?

2024 டிசம்பரில் மஞ்சப்படை ஆட்கள் டிக்கெட் வாங்க மாட்டோம்னு நிர்வாகத்தை எதிர்த்து நின்னாங்க பாருங்க, அதுதான் சரியான வாசல். ஆனா எங்க வாட்ஸ்அப்பில் என்ன நடந்தது? 22ஆம் தேதி முகமதன்ஸை 3-0ன்னு ஜெயிச்சதும் எல்லாரும் கொட்டாவி விட்டுப் படுத்துட்டோம். ஒரு வெற்றிக்கு நம்ம கோபத்தை வித்துட்டோம். மேல்ரூமுக்கு இந்த வியாபாரம் நல்லாத் தெரியும். கோச்சை அனுப்பினால் ஒரு வாரம் நிம்மதி, ஒரு மேட்ச் ஜெயிச்சால் ஒரு மாசம் நிம்மதி.

பிள்ளைகளுக்கு ஜெர்ஸி வாங்குறோம், லீவில் போனால் கலூர் ஸ்டேடியத்தில் டிக்கெட் வாங்குறோம். அந்தப் பணம் நம்ம பணம். கேட்க உரிமை உண்டு.

மச்சினனுக்குப் பதில் இதுதான்: கோச்சை மாத்தினா சரியாகாது மாப்ளே. பங்களா வாசலில் போய் நில்லு.

பி.கு: அண்ணன் மகன் இந்த வருசமும் எஸ்டேட் டீமில் இருக்கான். வீடியோ அனுப்பியிருந்தான். தங்கமணி பார்த்துட்டு, "அப்படியே உங்கப்பா நடை"ன்னு சொன்னா. அப்பா ஆடினதை அவ பார்த்ததே இல்லை. இருந்தாலும் நான் மறுத்துப் பேசலை.